மிளகில்லாத மரத்தில் அப்பா

மிளகு பறிக்க மரம் ஏறும் அப்பாவைக் கீழே இறக்குவதற்காகத்தான் நான் அந்த வேலையில் சேர்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இருந்ததில்லை. இண்டர்வியூவில் மட்டும், விருந்தோம்பலில் எனக்குத் தீராத ஆர்வம் என்று ஏதோ சொன்னேன். அப்படிச் சொல்லக் கல்லூரியிலேயே பழக்கியிருந்தார்கள்.

ஏற்காட்டு மலையில், வாழவந்தியில் எங்களுக்கு வீடு உண்டு, சொல்லிக்கொள்ளும்படி காடு கரை கிடையாது. அப்பாவுக்குச் சுற்றுவட்டார எஸ்டேட்டுகளில் கூலி வேலை. தை பிறந்தால் மிளகுப் பறிப்பு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் கொடிக்கு, கணுவை மிதித்து ஏறும் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தென்னை உயரத்துக்குப் போய்விடுவார். ஒரு பனிக்காலையில் கணு வழுக்கி விழுந்தார். கட்டுப் போட்டும் இடது கை அதன்பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை. அடுத்த தையில் அந்தக் கையோடேயே மறுபடி ஏறினார். பறிப்பு நடக்கும் நாட்களில், சாயங்காலம் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும்வரை அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நான் பெர்மனென்ட் ஆகிவிட்டால் அதன்பிறகு எஸ்டேட்டில் ஏணியைத் தொடக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டேன். சரி சாமி என்றார். மகளை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'மேனேஜ்மெண்ட் ட்ரெய்னி' என்றிருந்தது. ஓராண்டு பயிற்சி. யாருக்கும் பிடிக்காத வேலையை யார் தலையிலாவது கட்டத்தானே வேண்டும், அந்தத் தலைக்குப் பெயர் ட்ரெய்னி. காலை டிபன் நேரத்தில் தோசைக்கல் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதில் தொடங்கும். கடைசி விருந்தாளி கை கழுவிப் போகும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தாக வேண்டும். அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காமார் ஷிப்ட் முடிந்ததும் ஜீப் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் தொழிலாளிகள், கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் உண்டு. நான் மேனேஜ்மெண்ட், அதனால் எனக்கு நேரம் என்பதே கிடையாது. சரி, மேனேஜர்களோடு மேசையில் உட்காரலாமா என்றால், அங்கே நான் வெறும் ட்ரெய்னி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெரும்பாலும் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே சாப்பிட்டேன். கால் வீங்கி ஷூ நுழையாத நாட்களில் அங்கேயே அழுதிருக்கிறேன். தை வருவதற்குள் பெர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடும்.

ஆண்டு முடிந்தது. மேனேஜர் கூப்பிட்டு, என்னிடம் தலைமைப் பண்பு போதவில்லை என்றும், பயிற்சியை நீட்டிக்கிறோம் என்றும், எல்லாம் என் நன்மைக்குத்தான் என்றும் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்தத் தையிலும் அப்பா ஏறினார். அவர் மரத்தில் இருந்த நேரத்தில் நான் விருந்து மண்டபத்தில் நாப்கின்களை அன்னப்பறவைகளாக மடித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம், சீசன் நேரம். மிளகு பறிப்பதை விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும், அதை நீதான் நடத்த வேண்டும், உன் பெர்மனென்ட் அதில்தான் இருக்கிறது என்றார் மேனேஜர். மே மாதத்தில் மிளகு ஏது? பறிப்பு முடிந்து கொடி வெறும் இலையாக நிற்கும். சொல்லிப் பார்த்தேன். விருந்தாளிகளுக்கு அது தெரியாது என்றார்.

பக்கத்து எஸ்டேட்டில் ஓர் ஆளைச் சொல்லி வைத்திருந்தேன். நிகழ்ச்சி நாளான சனிக்கிழமை காலையில் அவர் போன் செய்து, செம்மநத்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, வர முடியாது என்றார். எங்கள் ஊரில் யாராவது கிடைப்பார்களா என்று வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். விசாரித்து அனுப்புகிறேன் என்றார். மதியம் ரிசார்ட்டின் பின்வாசலில், வெளுத்த வெள்ளைச் சட்டையோடு, பஸ்ஸிலிருந்து இறங்கிய அவரே நின்றார்.

திரும்பிப் போகச் சொன்னேன். சண்டையே போட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க நீ என்னைய அப்பான்னு கூப்புடாத சாமி. பெரிய மனுசங்க வந்து போற எடம். உனக்கு எளப்பமாப் போயிரும்."

அவருக்குச் சிவப்புத் தலைப்பாகை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். எங்கள் மலையில் யாரும் அப்படியொன்றைக் கட்டி நான் பார்த்ததில்லை. நான் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் பேசினேன். அவர் ஏறினார். வலது கையால் மூங்கிலைப் பிடித்து, இடது முழங்கையை அதில் கோத்து அணைத்து, ஒவ்வொரு கணுவாக. ஏன் அப்படி அணைத்துக்கொண்டு ஏறுகிறார் என்று ஒரு பெண் கேட்டாள். இந்த மலையின் பாரம்பரிய முறை என்றேன்.

கீழே வந்து பையைத் திறந்தார். அதற்குள் எங்கள் வீட்டு அடுப்படி டப்பாவில் இருந்த காய்ந்த மிளகு. விருந்தாளிகள் வெறும் கையோடு போகக் கூடாது என்று வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கடித்து, என்ன புதுசு, என்ன காரம் என்று வியந்தார்கள். கொடியிலேயே மிளகு எப்படிக் காய்ந்து கறுத்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் ஆத்திரமும்.

வீடியோ சரியாக விழவில்லை, இன்னொரு தடவை ஏறுவாரா என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்பா தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இன்னொருக்கா ஏறோணுமுங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார் அப்பா.

அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆனேன். அம்மா கற்பூரம் ஏற்றினாள். அப்பா சொன்ன சொல் தவறவில்லை, இனி எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போவதில்லை என்றார். ஆனால் அதற்குள் ரிசார்ட்டிலிருந்து அவருக்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே ஆள் வேண்டுமாம், வீடியோவில் முகம் நன்றாக விழுகிறதாம். வேண்டவே வேண்டாம் என்று நான் கத்தினேன்.

"எஸ்டேட்டுல நாள் முச்சூடும் ஏறோணும். இங்க ரெண்டு வாட்டி ஏறுனாத் தீந்துது" என்றார். "நான் வரலீன்னா உனக்குத்தான கண்ணு பேச்சு உழுவும்?"

அந்த ஆளுக்குத் தோள் சரியில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். அவரைவிட நல்ல ஆள் கிடைத்தால் மாற்றிக்கொள் என்று பொறுப்பை என்னிடமே திருப்பிவிட்டார். நான் இப்போது மேனேஜ்மெண்ட் அல்லவா. அவர் என் அப்பா என்று சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். சொல்ல மாட்டேன் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வேலையை விட்டுவிடவும் நினைத்தேன். விட்டால் தை மாதம் அவர் மிளகுள்ள மரத்துக்குப் போவார். விடாவிட்டால் சனிக்கிழமை மிளகில்லாத மரத்துக்கு வருவார். எந்தப் பக்கம் போனாலும் ஏணி ஒன்று நிற்கிறது.

ஆரம்பத்தில் வீட்டில் அப்பா அந்த 'மேடம்' என்பதை வைத்துக் கேலி செய்வார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மேடம் வந்துட்டாங்க, தண்ணி கொண்டா என்று அம்மாவை ஏவுவார். அம்மா சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. கல்லூரியில் எனக்கு இளையவள் ஒருத்தி போன் செய்தாள். எங்கள் நிறுவனத்திலேயே ட்ரெய்னியாக எடுத்திருக்கிறார்களாம். ரொம்பக் கஷ்டம் என்கிறார்களே, அந்தக் கஷ்டத்துக்குத் தகுந்த வேலையா அக்கா என்று கேட்டாள். நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று, எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்லத் தொடங்கினேன். அப்பா காப்பி டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"சூடா இருக்குதுங்க, பாத்துக் குடிங்க" என்றார்.

கேலி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். என்னை 'ங்க' போட்டுப் பேசினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இடது தோளைத் தேய்த்தபடி வெளியே போய்விட்டார். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

லைனில் இருக்கீங்களா அக்கா என்றாள் அந்தப் பெண்.

"இருக்கேன். வேண்டாம் கண்ணு, வேற ஏதாச்சும் பாரு" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை.