காய்ந்த சட்டை

என் கணவர் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். பண்டமாரானில் வீடு, பக்கத்திலேயே துறைமுகம். சாயங்காலம் வந்தால் சட்டையைப் பிழியலாம். "வாசல்லயே கழட்டுங்க, நாத்தம் தாங்கல!" என்று நான் கத்தாத நாளில்லை.

அந்த வெயில் காலத்தில் ஒருநாள் மத்தியானமே வந்துவிட்டார். லோரியில் ஏர்கோன் கெட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. துறைமுக கேட்டில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாராம். சட்டை மொறமொறவென்று காய்ந்து, உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் பெரிய புத்திசாலியல்லவா, சந்தோஷப்பட்டேன். "அப்பாடா, இன்னிக்காவது வேர்க்காம வந்தீங்களே!"

"தலை சுத்துது. குளிச்சிட்டு வரேன்" என்றார். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. குளிக்க விடுவேனா? வெயிலில் வந்த உடம்பில் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள் என்னை. ஃபேனையும் அணைத்தேன். உடம்பு நடுங்கியதும் கெட்டிப் போர்வையைப் போர்த்தி, சுக்குக் காப்பி போட்டு வந்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஆன்டி, கேட் எப்ப தொறப்பாங்க?"

"போதும் லா, விளையாடாதீங்க."

"லோரி பின்னாடி நிக்குது ஆன்டி."

அவர் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கிருக்கும் மலாய்க்கார அக்கா கிளினிக்கில் நர்ஸாக இருந்தவர். வந்தவர் என் கணவரைத் தொட்டதும் போர்வையை உருவி எறிந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, தண்ணீர், தண்ணீர் என்று மலாயில் கத்தினார். வாளியைத் தூக்கிய அக்காவின் கையை நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். "வேணாங்க்கா, ஜன்னி வந்துரும்!" என்று கெஞ்சினேன். என்னைத் தள்ளிவிட்டுத்தான் ஊற்றினார். ஃப்ரீசரில் இருந்த மீன் பாக்கெட்டுகளைக்கூட அக்குளில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "வெயில்ல வேர்வை நின்னு போனாலே ஆபத்து, அதுக்கு மேல போர்வை போட்டது யாரு? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." மீதியை அவர் சொல்லவில்லை. அந்த மீதி இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

பிழைத்து வந்தார். அன்று நடந்தது எதுவும், என்னை ஆன்டி என்று கூப்பிட்டதுகூட, அவருக்கு ஞாபகமில்லை. ஃபேனை அணைத்ததையோ வாளியைத் தடுத்ததையோ நான் சொல்லவுமில்லை. சொல்லப் பயம்.

இப்போது தினமும் மத்தியானம் போன் போடுவேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை.

"வேர்க்குதா?"

"ஆமா லா, ஊத்துது."

"நான் யாரு, சொல்லுங்க."

பைத்தியம் என்று திட்டிவிட்டு என் பெயரைச் சொல்வார். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நேற்று வெயில் மண்டையைப் பிளந்தது. வழக்கம்போலக் கேட்டேன். அவருக்கு ஏதோ குஷி போல. "நீங்களா? யாரோ ஒரு ஆன்டி" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.