வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம், 1,140-வது மீட்டரில்

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இந்தப் பதிவிலிருந்து பஸ் விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் போனது சாமி கும்பிட அல்ல. ஏழு வருடம் முன்பு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அது என்ன ஆயிற்று என்று பார்க்க, 2015 ஜூனில் ஒரு சனிக்கிழமை போனேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை.

2008-இல் கிராமங்களுக்குக் குறைந்த செலவில் இணையம் கொண்டுபோகும் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஊராட்சிக் கட்டிடத்தின் மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினோம். கீழே ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர். நடத்துவதற்குக் கலைவாணி என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, டிப்ளமோ முடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நிரந்தர வேலைக்கு ஆர்டரும் வந்திருந்தது. "லைன்ல நின்னு என்னம்மா பண்ணப் போற? ஆறே மாசத்துல கேபிள் வந்துடும், இந்த ஊருக்கே நீதான் நெட்" என்று சொன்னது நான்தான். அவள் கம்பெனிக்குப் போகவில்லை. எட்டாவது மாதம் திட்டத்துக்குப் பணம் நின்றது, ஆன்டெனா இணைப்பும் போனது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

கேபிள் இந்த வருடம்தான் வந்தது. கலைவாணி போன் செய்தாள். "பாக்ஸ் மாட்டிட்டுப் போய்ட்டாங்க சார், லைட்டு மட்டும் வரல. திங்கக்கெழம பஞ்சாயத்துக் கூட்டம் கீது. அதுக்குள்ள நெட் ஓடலன்னா ரூமை காண்ட்ராக்டருக்கு சாமான் போட வுட்டுடுவாங்களாம்." நண்பரிடம் ஒரு சோதனைக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கோயம்பேட்டில் காலை 6.40 பஸ். ஸ்ரீபெரும்புதூருக்கு 26 ரூபாய், தூரம் சுமார் 40 கிலோமீட்டர். தண்டலம் வரை நன்றாகத்தான் வந்தது. அங்கிருந்து கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து 8.15-க்கு இறங்கினேன். ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். டவுன் பஸ் 8.40-க்கு, வல்லக்கோட்டைக்கு 9 ரூபாய். அதற்கு அப்பால் மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு 15. பத்துப் பேர் ஏறும்வரை வண்டி நகராது. டிரைவரிடம் ஊரைச் சொன்னதும், "மனை பாக்கவா சார்? கார்னர் பிளாட் ஒண்ணு கீது" என்றார். இந்தச் சாலையில் வெள்ளைச் சட்டையோடு இறங்குகிறவன் வேறு எதற்கு வருவான்!

கலைவாணி வாசலிலேயே நின்றிருந்தாள். அறையைப் பெருக்கி, கம்ப்யூட்டர்களுக்குப் புதுத் துணி போர்த்தி வைத்திருந்தாள். இத்தனை வருடமும் அதே அறையில் ஜெராக்ஸ் எடுத்தும், மனு டைப் அடித்துக் கொடுத்தும் ஓட்டியிருக்கிறாள். பாதி நாள் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. ஆன்லைனில் ஏதாவது அனுப்ப வேண்டுமானால் ஊரே ஒரகடம் போகிறது. நாலு கிலோமீட்டரில் போனும் டிவியும் செய்து உலகத்துக்கு அனுப்பும் கம்பெனிகள். இந்த ஊரில் போனில் ஒரே ஒரு சிக்னல் கோடு, அதில் பேசலாம், வேறு எதுவும் நகராது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கேபிள் என்றால் உள்ளே முடி கனத்தில் கண்ணாடி இழை. கருவி அதற்குள் வெளிச்சத்தை அனுப்பி, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். 1,140 என்று காட்டியது. "பக்கத்துலதான் சார், சரி பண்ணிடலாமா?" என்றாள் கலைவாணி. இரண்டு பேரும் சாலையோரமாக நடந்தோம். மணி 11.20, நிழல் என்று ஒன்றும் கிடையாது. கேபிள் போகும் வழியில் அடையாளத்துக்காக இருநூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு இருந்தன. அதற்கப்புறம் ஒரு கல்கூட இல்லை, குழி மட்டும்தான்.

கணக்குப்படி நாங்கள் நின்ற இடத்தில் புதுசாக வடிகால் வெட்டியிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து கறுப்பு கேபிள் பிய்ந்து தொங்கியது. அதை ஒட்டி முப்பது அடிக்குள்ளேயே இன்னும் இரண்டு வெட்டு. ஜேசிபிக்காரரைத் திட்டவும் முடியாது. கல் இல்லாத இடத்தில் கேபிள் போவது அவருக்கு எப்படித் தெரியும்?

வடிகாலுக்கு அந்தப் பக்கம் மனைப் பிரிவு. போன போகம்வரை நெல் விளைந்த நிலமாம். வரிசையாக எல்லைக் கல், எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் பெயின்ட். நாலு மூலைக் கற்கள் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருந்தன. கலைவாணி குனிந்து பக்கத்திலிருந்த ஒன்றின் பெயின்டை நகத்தால் சுரண்டினாள். அடியில் கேபிள் கம்பெனி செதுக்கிய எழுத்து தெரிந்தது.

மனையின் அடுத்த கோடியில் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். அவள் புருஷன் தேவராஜ். மனைக்காரர்களிடம் கல் நடுவதுதான் அவர் வேலை.

"இது எங்கேர்ந்து எடுத்தே?" என்று கேட்டாள்.

"மேஸ்திரி கல்லு பத்தலன்னாரு. ரோட்டோரம் சும்மா நின்னுகினு இருந்துச்சு, நாலு கல்லு. யாரோ மனை போட்டுட்டு வுட்டுட்டுப் போன கல்லுன்னு நெனச்சேன். ஏன், இன்னாத்துக்குக் கேக்கற?"

 அது கேபிளுக்கு நட்ட அடையாளக் கல் என்று நான்தான் சொன்னேன். அவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். "கல்லுக்கடியில நெட்டு போவுதுன்னு எங்கிட்ட யார் சார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். புதைத்தவர்கள் சொல்லவில்லை. இப்படி ஒரு கல் வரும், அதைத் தொடாதீர்கள் என்று ஏழு வருடத்தில் நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல் என்றாலே மனைக் கல் என்றாகிவிட்ட ஊர் இது.

"கல்லைத் திருப்பி நட்டா வந்துடுமா சார்?" என்றாள் கலைவாணி. அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் கடப்பாரையைப் போட்டு நெம்பி, அந்தக் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு குழியைப் பார்த்து நடந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

புகார் எண்ணுக்குப் பேசினேன். புதைத்த ஒப்பந்தக்காரர் கணக்கை முடித்துப் போய்விட்டார், புதிதாக ஆள் போட்டபிறகுதான் சேர்க்க முடியும் என்றார்கள். எப்போது என்றால் தெரியாதாம். திங்கட்கிழமை அறை கைமாறிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விவரம். தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துப் போங்கள். கோயிலைத் தாண்டினால் கடை இல்லை. திரும்பும் ஷேர் ஆட்டோ மதியம் 2.30-க்கு ஒன்று, விட்டால் 4.45-க்குத்தான். கிராமத்துக்கு ஏதாவது கொண்டுவருகிறேன் என்று போகிறவர்கள் தேதி சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன தேதியை நம்பி ஒருத்தி வேலையை விடுவாள்.

போனில் நெட் நன்றாகக் கிடைக்கும் இடம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம். கிளம்பும்போது கலைவாணி ஒரு தாளைக் கையில் திணித்தாள். ஒரகடம் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம், ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். "அங்க போயி போட்டுடு சார். இந்த வேலைக்காவது போய்டறேன்" என்றாள். உருண்டை எழுத்தில் பெயர், படிப்பு, பிறந்த தேதி எல்லாம் இருந்தது. மாலை 4 மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். பிறந்த வருடத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் 1990-இல் ஆரம்பித்தது, அதற்கு முந்தைய வருடமே இல்லை. அவள் தாளில் 1986 என்று எழுதியிருந்தாள். இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

அப்போதுதான் அவளே கூப்பிட்டாள். "போட்டாச்சா சார்?"

என் போனில் எல்லாக் கோடும் நிறைந்திருந்தது. "சிக்னல் கிடைக்கலம்மா" என்றேன்.

 அவள் கேட்டாள்: "அங்கயுமா சார் இல்ல?"