மச்சாளின் நீலன்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பல்கனியில் ஒரு ஸ்டூல் நின்றது. அதன் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு பால்மா டின் மூடி; மூடி நிறையத் தண்ணீர். ஸ்டூலின்மேல் ஒரு பூச்சாடி, அதில் தென்னோலை போல இலை விரிக்கும் சைக்கஸ் செடி. லீவு முடிந்து யாழ்ப்பாண ரயிலில் வந்திறங்கிய மச்சாள், தோள் பையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் என் வாயில் தானாக வரும் பகிடி அன்றைக்கு வரவில்லை.

அவள் என் மாமாவின் மகள். கம்பஸில் விலங்கியல் படிக்கக் கொழும்புக்கு வந்தவள், எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். நான் ஓ/எல் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓட்டோ ஓடுகிறவன். மச்சாளை நக்கலடிப்பது மச்சானின் உரிமை. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. அவள் கடைசி வருட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நீலன்கள் என்ற வண்ணத்துப்பூச்சிக் குடும்பம். விரல் நகத்தளவுதான் இருக்கும். "யானையைப் படிச்சிருந்தா ஊர்வலமாவது போயிருக்கலாம்" என்றேன். "யானைக்கு உன்னை மாதிரிச் சொந்தக்காரர் கிடையாது. இந்தக் குடும்பத்தில எல்லா விசரும் இருக்கு" என்றாள்.

உண்மையில் அது விசித்திரமான குடும்பம்தான். ஒன்றின் புழு மாதுளங்காயைத் துளைத்து உள்ளே குடியிருக்கும். இன்னொன்று இலையைத் தொடாது. செடியில் அப்பும் மாவுப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், அதன் கூடு பார்த்தால் குரங்கு முகம். மச்சாளின் செடியில் இருந்தவை சைக்கஸின் இளங்குருத்தை மட்டும் தின்பவை. அவற்றின் முதுகில் இனிப்பு நீர் சுரக்கும். எறும்புகள் அதை நக்கிக் குடித்துவிட்டு, கூலிக்குக் காவல் நிற்கும். எந்த எறும்பு எப்போது வருகிறது, என்ன செய்கிறது என்று அவள் பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஆய்வு நன்றாக அமைந்தால் அவுஸ்திரேலியாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். புழுக்கள் பறந்தால் அவளும் பறந்துவிடுவாள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அவள் ஊருக்குப் போயிருந்த நேரத்தில்தான் அம்மா செடியில் எறும்பு ஊர்வதைக் கண்டார். எங்கள் வீடுகளில் சாப்பாட்டு அலுமாரிக்கு எறும்பு ஏறாமல் காலுக்குத் தண்ணீர் வைப்பது வழக்கம். அம்மா அதையே செய்தார். மச்சாள் கேட்டபோது, "உன்ர படிப்பை எறும்பு தின்னப் பாத்துது பிள்ளை, ஒண்டையும் கிட்ட விடேல்லை" என்றார் பெருமையோடு. நக்க ஆளில்லாமல் இனிப்பு நீர் முதுகிலேயே தங்கி, பூஞ்சணம் பிடித்து, புழுக்கள் எல்லாம் செத்துச் சுருண்டு கிடந்தன. மச்சாள் "நல்லது மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவள் இன்றைக்கு இங்கே எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தச் சாத்திய கதவை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓட்டோவில் ஆள் ஏற்றி ஹயர் ஓடும்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய முற்றத்தில் சைக்கஸ் செடிகள் நிற்பதைக் கண்டிருந்தேன். அடுத்த நாள் காலை கதவைத் தட்டி, "எழும்பு, உன்ர சொந்தக்காரரைப் பாத்திட்டு வருவம்" என்றேன்.

செடிகளில் புதுக்குருத்து விட்டிருந்தது. குருத்து நிறையப் புழு, புழுவைச் சுற்றி எறும்பு. அவள் கத்திய கத்தலில் காவற்காரர் ஓடி வந்தார். "என்ன தம்பி, கோயிலில களவோ?"

"இல்லை ஐயா, புழு பொறுக்கிறம். இவ கம்பஸ்ல படிச்சவ, கடைசியில இப்பிடித்தான் முடிஞ்சுது."

அவர் சிரித்துக்கொண்டே குருத்தை வெட்டித் தந்தார். சாப்பாட்டுப் பெட்டிக்குள் புழுவும் எறும்புமாக ஏறின. காலிக்குப் போகும் வீதி நெடுக, வீடு வரும்வரை எறும்பு என் கழுத்தில் கடித்தது. "உன்ர காவற்காரருக்கு ஆள் அடையாளம் தெரியேல்லை" என்றேன். பின்சீட்டில் இருந்து அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டுமே கிடைத்தது.

இம்முறை ஸ்டூலின் கீழே தண்ணீர் இல்லை. கூடுகள் பிரிந்து வெளியே வந்த பூச்சிகள் மங்கிய நீலத்தில், ஒரு ஊது ஊதினால் காணாமல் போகிற அளவில் இருந்தன. பின் இறக்கையின் ஓரத்தில் கண் போல ஒரு கறுப்புப் பொட்டு, பக்கத்தில் மயிர் போல ஒரு வால். இருந்த இடத்திலேயே அந்த வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. "குருவி இதைத் தலை எண்டு நினைச்சு இங்கதான் கொத்தும். உண்மையான தலை தப்பிடும்" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனும் இப்பிடித்தான். எந்தப் பக்கம் முகம் எண்டே தெரியாது." அதற்கும் ஏதோ நக்கலாகத்தான் பதில் சொன்னேன்.

அவளுக்கு அவுஸ்திரேலியாவில் இடம் கிடைத்தது. கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகும் கதவடியில் நின்று, "கடைசியா ஒரு பகிடி சொல்லு மச்சான்" என்றாள்.

"போகாதை" என்றேன்.

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே போய்விட்டாள்.

இப்போது வீட்டில் நானும் அம்மாவும்தான். மாலையில் ரயில் போகும் சத்தம் கேட்கும், பிறகு கடல். ஓட்டோவில் ஏறுகிறவர்களோடு நாள் முழுக்க அலட்டுகிறேன். இறங்கிய பிறகு ஒரு முகமும் மனதில் நிற்பதில்லை. பின்சீட்டில் யாராவது பெண்பிள்ளை சிரித்தால் கண்ணாடியைப் பார்க்கிறேன். மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து ஃபோன் எடுப்பாள். அங்கத்தைய எறும்பு, அங்கத்தைய நீலன்கள், அங்கத்தைய குளிர் எல்லாம் கதைப்பாள். போன ஞாயிறு எல்லாம் கதைத்து முடித்த பிறகும் ஃபோனை வைக்கவில்லை.

"மச்சான், உண்மையைச் சொல்லு. அண்டைக்கு எயார்போட்டில சொன்னது பகிடிதானே?"

"பின்னே? உன்னை யார் மறிக்கிறது" என்றேன்.

"ம்... நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றாள். அவள் வைத்துவிட்டாள். நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா, "பிள்ளை என்னவாம்?" என்று கேட்டார்.

"சுகமாம்" என்றேன்.