வாய் பொத்தாத மூன்று மாதம்

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம் வாயைப் பொத்துவது. பெரியவர்கள் எதிரில் பேச வாயெடுத்தால் வலது கை தானாக மேலே போய்விட வேண்டும். பல் தெரியக் கூடாது, எச்சில் தெறிக்கக் கூடாது. தப்பினால் சித்தப்பா கண்ணாலேயே அதட்டுவார். பத்து வயதுக்குள் என் கை நன்றாகப் பழகிவிட்டது. பத்தொன்பது வயதில், உதட்டைப் பார்த்து மட்டுமே பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நான் போனேன்.

ஆசிரியர் பயிற்சியின் கடைசி மூன்று மாதம் ஏதாவது ஒரு பள்ளியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கூடப் படித்தவர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு முண்டியடித்துப் பெயர் கொடுத்தார்கள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. "அங்க போனா நீயும் ஊமையாயிடுவ" என்று ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கை தூக்கிவிட்டேன். எனக்குப் பிடிவாதம் முதலில் வரும், யோசனை சாவகாசமாகப் பின்னால் வரும்.

பள்ளி என்றால் பெரிய கட்டடம் இல்லை. மலாய் நாட்டில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு, இரண்டே அறை. மொத்தம் ஒன்பது பிள்ளைகள். ஆறு பேர் சீனர்கள், இருவர் பாலிக் புலாவ் கிராமத்து மீனவர் வீட்டு மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளை ஒன்றே ஒன்று. அங்கேயே தங்கிப் படித்தார்கள். நடத்தியவர் ஓர் ஆங்கிலேய அம்மாள், துரைசானி என்போம். அவர் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளையின் அப்பாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வீட்டோடு பேச முடியாத படிப்பு எதற்கு என்று துரைசானிக்கே தோன்றியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழில் உதடு படிக்கச் சொல்லிக்கொடு என்று என்னிடம் ஒப்படைத்தார்.

அவளுக்கு எட்டு வயது. அம்மா இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கறுத்து உயர்ந்த ஆள். நுனி முறுக்கி மேலே ஏறிய, நடுவே கீழுதடு வரை அடர்ந்து இறங்கிய மீசை. சனிக்கிழமை தோறும் மகளைப் பார்க்க வருவார். முதல் சனிக்கிழமையே என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"இந்தா பாரும்மா, நான் சுத்தி வளைக்க மாட்டேன். எங்க கூலி லயத்து வீட்டுல ஒரு குடும்பம் நாகப்பட்டினம் கப்பல் ஏறுது. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இவள அவங்களோட அனுப்பி என் தங்கச்சிகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். அங்க ஆடு மேய்க்கவாவது ஆகும்லா."

"இங்க படிக்கிறாளே அண்ணே."

"என்னத்தப் படிக்கிறா? வருசம் ஒண்ணாச்சு. நான் பேசுனா முழிக்கிறா. கைய ஆட்டுனா வருவா. கைய ஆட்டுனா ஆடு மாடுகூடத்தான் வருது. நான் வாயால சொல்லி அவ ஒரே ஒரு தடவ கேட்டு நடக்கட்டும், அனுப்பல. அவ அம்மா மேல சத்தியம்."

ஆத்திரமாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. கடல் தாண்டிப் போய்விட்டால் அந்தப் பிள்ளையை அவர் மறுபடி பார்ப்பாரா என்பதே சந்தேகம். அவளுக்கோ, தன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. இரண்டு மாதத்துக்குள் ஒரு சொல்லையாவது அவள் கண்ணில் ஏற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

கையால் பேசினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்பது துரைசானியின் கட்சி. அதனால் வகுப்பில் பிள்ளைகள் கைகட்டி உட்கார வேண்டும். கட்டிய கையை அவிழ்த்தால் அடிக்கோலால் ஒரு தட்டு. நானும் தட்டியிருக்கிறேன். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், ஒன்பது பிள்ளைகளின் கைகளும் மளமளவென்று பேச ஆரம்பிக்கும். அந்தக் கலகலப்பு எங்கள் பாடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தட்டினேனே என்று இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி முன்னால் அவளை உட்காரவைத்துப் பூ, மீன், பால், வா என்று சொல்லிச் சொல்லி என் தாடை வலித்ததுதான் மிச்சம். அவளும் நானும் தனியாக இருக்கும்போது ஏதோ கொஞ்சம் பிடிபடுவது போலத் தெரியும். துரைசானி குறிப்பேட்டோடு வந்து பின்னால் உட்கார்ந்தால் பிள்ளை மரக்கட்டையாகிவிடுவாள். என் பெயருக்கு நேரே நல்ல குறிப்பு ஒன்றும் ஏறவில்லை.

ஒரு நாள் சலித்துப்போய் எல்லாருக்கும் சிலேட்டைக் கொடுத்து, என்னை வரையுங்கள் என்று சைகை காட்டினேன். ஆமாம், கையால்தான் காட்டினேன். அவள் வரைந்ததில் என் சேலை இருந்தது, பின்னல் இருந்தது, இரண்டு கண்ணும் இருந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து விரல்கள் இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கை வாய்க்குப் போனது. அவள் கையைக் கட்டியபடியே மோவாயை நீட்டி, இதோ இதைத்தான் வரைந்தேன் என்று காட்டினாள். பளாரென்று அறை விழுந்தது போல இருந்தது. துரைசானி வந்து உட்கார்ந்த ஒவ்வொரு முறையும், அவர் பெரியவர் என்று என் கை மரியாதையாக என் வாயை மூடியிருக்கிறது. பிள்ளைகள் கைகட்டி, நான் வாய்பொத்தி. இந்த லட்சணத்தில் என் உதட்டைப் பார் பார் என்று அவளை வதைத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து இடது கையில் சிலேட்டு, வலது கையில் கண்ணாடி. இரண்டையும் கீழே வைக்காமல் பாடம் நடத்தினேன். வீட்டிலும் கையைப் புடவையில் முடிந்துவைக்காத குறையாக அடக்கினேன். "என்னடி, பெரியவங்க முன்னால பல்லக் காட்டிக்கிட்டு?" என்றார் சித்தப்பா. "பாடம் சித்தப்பா" என்றேன். வீடு திரும்ப ஆயர் ஈத்தாம் டிராமில் போகும்போது ஜன்னலைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பழகுவேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கூடையை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஒரு மாதத்தில் அவளுக்குப் பன்னிரண்டு சொற்கள் வந்துவிட்டன. நான் குரலே இல்லாமல் "பூ" என்பேன், முற்றத்துக்கு ஓடிப் பறித்து வருவாள். பள்ளித் தோட்டக்காரர் "வா" என்றால் அவரிடமும் போவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாகப் பழகட்டும் என்று இடையில் வந்த சனிக்கிழமைகளில் அவளுடைய அப்பாவிடம் எதையும் காட்டாமல், கப்பலுக்கு முந்தின சனிக்கிழமைக்காக நாள் எண்ணினேன்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தபோது அந்தச் சனிக்கிழமை வந்தது. "கையைப் பின்னால கட்டிக்கிட்டு 'வா'ன்னு மட்டும் சொல்லுங்க அண்ணே" என்றேன். கட்டிக்கொண்டு சொன்னார். அவள் அசையவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாம் முறை, காது கேளாத பிள்ளையிடம் எல்லாரும் செய்வது போல, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிக் கைகளைத் தேடினாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

"போதும்மா" என்றார். "புதன்கிழமை வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். வியாழக்கிழமை கப்பல்."

அவர் போன பிறகு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோட்டக்காரர் சொன்னால் புரிகிறது, பெற்ற அப்பன் சொன்னால் புரியவில்லையா? அவள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, சிலேட்டில் ஏதோ கிறுக்கி என் மடியில் வைத்தாள். ஓர் ஆள், தலையில் மூட்டை, நுனி முறுக்கிய பெரிய மீசை. மீசைக்குக் கீழே நேராக மோவாய். வாய் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து, எங்கே என்பது போலப் புருவத்தைத் தூக்கினேன். இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு கையாலும் தன் உதட்டுக்கு மேலே மீசையை முறுக்கிக் காட்டினாள். அந்தக் கைகளை நான் தட்டவில்லை.

பிறந்ததிலிருந்து அவள் தன் அப்பாவின் வாயைப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் துறைமுகத்துக்குப் போனேன். கல்யாணமாகாத பெண் தனியாகப் போகிற இடமல்ல அது. அவர் கூட்டாளிகளோடு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றதும் என் பாழாய்ப்போன கை மேலே போய்விட்டது. "என்னம்மா, வாய்க்குள்ளயே முனகுற? ஒண்ணும் கேக்கல" என்றார். கையைப் பிடுங்கிக் கீழே போட்டேன்.

"மீசைய எடுத்துடுங்க அண்ணே. உங்க வாய் அவளுக்குத் தெரியல. தெரிஞ்சா புரிஞ்சுக்குவா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது.

"எங்கய்யா ஊர்ல உசுரோட இருக்காரும்மா. நான் தலைப்பிள்ளை. அவருக்குக் கொள்ளி வைக்கிற அன்னிக்கு எடுக்கவேண்டிய மீசை இது. இப்ப எடுத்தா அவர உசுரோட கொன்ன மாதிரி. படிச்ச பொண்ணு, இது தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் போனேன். "தெரியும் அண்ணே. ஆனா வியாழக்கிழமை போறது உங்க ஐயா இல்ல" என்றேன். அவர் திரும்பி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விஷயம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சித்தப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவளுடைய தகரப்பெட்டியை நானே அடுக்கினேன். சட்டைகள் நான்கு, சீப்பு, மேலே சிலேட்டு. அவளுக்கு விவரம் புரியவில்லை. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அவர் பல்வலிக்காரரைப் போல முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவிழ்த்தார். வெயில் படாத அந்த இடம் மட்டும் வெளுத்து, பச்சைப்பிள்ளைத் தோலாக இருந்தது. வேறு யாரோ என்றுதான் எனக்கே முதலில் பட்டது. பிள்ளை பயந்துபோய் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"பாக்க அசிங்கமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. பேசுங்க."

யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்த முறை கத்தவில்லை. "வா" என்றார். அவள் சேலை மடிப்பிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். "வா" என்றார் மறுபடி. முழு முகமும் வெளியே வந்தது. அவருடைய வாயையே பார்த்தாள். பிறகு என் சேலையை விட்டுவிட்டு நேராக நடந்து போய் அவர் எதிரில் நின்றாள். அவள் வந்து காலடியில் நின்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. கண்ணீர் அந்த வெள்ளை உதட்டில் இறங்க, "வா, வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கையைத் தூக்கி அவருடைய உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். துரைசானி கதவருகில் நின்றிருந்தார். கைகட்டு என்று அவரும் சொல்லவில்லை.

நான் தகரப்பெட்டியைத் திறந்து சிலேட்டை வெளியே எடுத்தேன். கப்பல் மறுநாள் அவள் இல்லாமல் போனது.

பயிற்சியில் தேறினேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'இப்போது வாய் நன்றாகத் தெரிகிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வேலைக்கும் அங்கேயே சேர்ந்தேன். அடிக்கோலை மட்டும் அலமாரிக்குப் பின்னால் எங்கேயோ தொலைத்துவிட்டேன். துரைசானி தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கப்பல் போன அடுத்த சனிக்கிழமை பிள்ளையின் அப்பா சுத்தமாகச் சிரைத்த முகத்தோடு, துண்டு கட்டாமல் வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"துறைமுகம் முழுக்கத் துக்கம் விசாரிக்கிறானுங்கம்மா. ஐயா எப்பத் தவறுனாருன்னு. ஊருக்குப் போற எவனாவது சொல்லிட்டா அவரு மனசு உடைஞ்சுடும். எனக்கு எழுத வராது. ஒரு கடுதாசி எழுதித் தா."

வராந்தாப் படியில் உட்கார்ந்து எழுதினேன். வணக்கமும் நலமும் சொல்லி முடித்தார். பிள்ளை அவருடைய முழங்காலில் சாய்ந்துகொண்டு, எப்போது தனக்குத் தெரிந்த சொல் வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே, அவளுக்கும் தெரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இங்க யாரும் சாகலய்யா. எம்பிள்ளைக்கு என் வாய் தெரியணும்னுதான் மீசைய எடுத்தேன். மன்னிச்சுக்கணும்னு எழுதும்மா."