ஆடி கழியட்டும் என்றேன்

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து தார்ச்சாலைக்கு நாலு கிலோமீட்டர். ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் அந்தப் பாதையில் சைக்கிளே போகும். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு, பழக்குலை ஏற்றும் லோரிகள் அதை உழுது போட்டுவிட்டன. நாசமாய்ப் போகிற லோரிகள்! ரெண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளம், நடுவில் கல்லாக இறுகிய செம்மண் மேடு. காய்ந்த நாளில் என் வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டிலும் மறுபக்கத்தைக் கரையிலும் வைத்து ஓட்டிவிடுவேன். மழை பெய்தால் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கும், பின் அச்சு மேட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஃபோர் வீல் என்று பெயர்தான். நாலும் சுற்றும், வண்டி நகராது.

வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அந்தப் பாதை வழியாகத்தான் என் மனைவியைச் சுங்கை சிப்புட் டவுனுக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். இனிப்பு நீர் வியாதி முதலில் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது, அப்புறம் சிறுநீரகத்தை. டவுனுக்குக் குடிவந்தால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. கட்டித் தருவதற்கு முன்னே காலி செய்து போனவர்களுக்கு மாற்று வீடு கிடையாது என்று தோட்டக் கம்பெனி சொல்லியிருந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்த வீட்டை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசில்லை. ஆறு குடும்பங்கள் அப்படி மிச்சமிருந்தோம்.

மேட்டில் மாட்டாதபடி வண்டியை உயர்த்த முடியுமா என்று டவுன் டயர் கடையில் கேட்டேன். அங்கே வேலை செய்யும் பையன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, ஸ்பிரிங்க மட்டும் தூக்கினா உடம்புதான் ஏறும். பின் அச்சு அதே எடத்துலதான் நிக்கும். அச்சு ஏறணும்னா பெரிய டயர்தான் போடணும். ஆனா பெரிய டயர் மட்கார்டுல உரசும், அதனால ஸ்பிரிங்கயும் தூக்கணும். மொத்தத்துல மூணரை இஞ்ச் ஒசரும்லா. பிரேக்கும் முந்தி மாதிரி டக்குன்னு புடிக்காது."

பிரேக்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தப் பாதையில் எவன் வேகமாகப் போகிறான்? மூணரை இஞ்ச்தான் இடித்தது.

ஏனென்றால் என் மனைவி வண்டியில் தானாகவே ஏறுவாள். இருக்கைக்கு முதுகைக் காட்டி, கதவோரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் ஒரே எம்பு எம்பி உட்கார்ந்துவிடுவாள். இருக்கையின் விளிம்பு சரியாக அவள் இடுப்பு உயரம். நான் பக்கத்தில் நிற்கலாம், தொடக்கூடாது. ஒருமுறை அவசரத்தில் கையைக் கொடுத்துவிட்டு, டவுன் வரைக்கும் திட்டு வாங்கினேன்.

பெரிய டயர் பற்றிச் சொன்னதும் அவள் தன் இடுப்புக்கு மேலே விரல்களை வைத்து அளந்து பார்த்தாள்.

"அப்ப என்னைய உர மூட்டை மாதிரி தூக்கிப் போடுவீங்க. லயமே வேடிக்கை பாக்கும். வேணாம்."

"பொழைக்க வேணாமா? உனக்கு வீம்பு பெருசா, உசுரு பெருசா?"

"ரெண்டும்தான்" என்றாள்.

ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் வீம்புக்காரன்தான்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு வியாழன், மேட்டில் மாட்டி ரெண்டு மணி நேரம் தாமதமானது. பாதி நேரம்தான் அவளுக்கு மிசின் கிடைத்தது. திரும்பும் வழியில், வீங்கிய முகத்தோடு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "போட்டுருங்க."

மறுநாளே கடைக்குப் போய், எந்த டயர் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரவழைக்க ரெண்டு வாரம் ஆகும் என்றார்கள். மனசிலிருந்த பாரம் இறங்கியது.

அந்த ரெண்டு வாரத்துக்குள்தான் நான் பார்க்கக்கூடாததைப் பார்த்தேன். செம்பனைக்கு மருந்தடிக்கும் வேலை சீக்கிரம் முடிந்து, நடந்தே பின்பக்கமாக வீட்டுக்கு வந்தேன். துணி துவைக்கும் சிமெண்டு மேடைக்கு முன்னால் அவள் தரையில் கிடந்தாள். மேடையின் மேல் பலகை ரெண்டு அடுக்கி, அதன் மேல் மடித்த கம்பளி. பக்கத்தில் தையல் டேப். வண்டியின் புது உயரத்தை அளந்து வைத்து எம்பிப் பழகியிருக்கிறாள். முழங்கை ரெண்டிலும் ரத்தம். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"தண்ணியில வழுக்கிருச்சு" என்றாள். தரை காய்ந்து கிடந்தது.

அவளைத் தூக்கினேன். கால் போன நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள், முகத்தை என் தோளில் வைக்காமல் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை வாரம் மூன்று தடவை பார்க்க என்னால் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டயர் வந்துவிட்டதாகக் கடையிலிருந்து போன் வந்தபோது ஆடி பிறந்து நாலு நாள். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். வாயைத் திறந்தேன், பொய் தானாக வந்தது.

"ஆடியில புதுசு எதுக்கு தம்பி? ஆடி கழியட்டும். ஆவணி மொத நாளு வாரேன்."

சாமி, சகுனம் என்றாலே வாய்க்கு வந்தபடி பேசுகிறவன் நான். கோயில் கூட்டத்துக்கும் போனதில்லை. நாள் கிழமை பார்ப்பதெல்லாம் அவள்தான்; என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எனக்காகவா?"

"பின்ன யாருக்கு?"

அவளுக்குச் சந்தோஷம். ஆடி மழை எங்கள் பக்கம் அவ்வளவாக இருக்காது என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடிக் கடைசி வெள்ளி. லயத்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கணக்கு உண்டு, கூழ் ஆகவே ஆகாது. பெரிய கிண்ணம் நிறைய வாங்கிக் குடித்தாள், கூடவே மாங்காய்.

"ஏய், என்னடி இது?"

"வருஷத்துக்கு ஒருக்கா. அம்மன் கூழு. நாளைக்குத்தான் மிசின் எடுத்துருமே" என்றாள். வாயோரம் கூழோடு சிரித்தாள். நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்தபடி ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்தாள். பாதிப் பாதையில் வண்டி வழுக்கியது. என் இடது கை வழக்கம்போல அவள் தோளை அழுத்திப் பிடித்தது. அடியில் கர்ரென்ற சத்தம், அப்புறம் ஒரு முட்டு. அவ்வளவுதான். மட்டை வெட்டி முட்டுக் கொடுத்தேன், மண்ணைத் தோண்டினேன், டயரை உதைத்தேன், அழுதேன். போனில் லைன் கிடைக்கவில்லை. அவளைத் தனியே விட்டு நடந்துபோய் டிராக்டர் கூட்டிவந்து வண்டியை இழுத்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. டயாலிசிஸ் மையத்து நர்ஸ் பார்த்ததுமே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

அங்கே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது, இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்றார் டாக்டர். ஞாயிறு காலை மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவள் பேசினாள்.

"எனக்காக ஆடி பாத்தீங்க. அதான் இப்படி ஆச்சு. கூழையும் குடிச்சித் தொலச்சேன். கோவிச்சுக்காதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். பத்து மணிக்கு முன்பே போய்விட்டாள்.

ஆவணி பிறந்தது. டயர் கடைத் தம்பிக்கு விஷயம் தெரியாது. "அண்ணே, ஆவணி வந்துருச்சு, வரலையா?" என்று போனில் கேட்டான். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, துக்க வீட்டில் புதுசு சேர்க்கக் கூடாது என்று அவள் தங்கை கத்தினாள். போனேன். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க வந்தவனைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன்.

அன்றைக்கும் மழை. பள்ளத்தில் வண்டியை வேண்டுமென்றே இறக்கினேன். இடது கை தானாகப் பக்கத்து இருக்கைக்குப் போனது. அடியில் எந்தச் சத்தமும் இல்லை. வண்டி மேட்டைத் தொடாமல் போய்க்கொண்டே இருந்தது. நடுப்பாதையில் நிறுத்தினேன்.

"ஆடியும் இல்ல, அம்மனும் இல்லடி" என்று அந்த இருக்கையிடம் சொன்னேன். "உன்னையத் தூக்கத்தான் பயந்தேன்."