பிரஷர் உப்பு

சூடாமணி மாமிக்குச் சந்தேகம் காலைக் காப்பி மாதிரி. அது இல்லாமல் பொழுது விடியாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார். லிஃப்ட் அவள் வரும்போது பார்த்து நின்றுபோகிறது. சமையலுக்கு வரும் வேம்பு, சுவாமிக்கு நைவேத்தியம் ஆவதற்கு முன்பே திருட்டுத்தனமாக ருசி பார்க்கிறாள். "வாயில வெச்சியோ?" என்று தினமும் கேட்பாள். ஒருநாள்கூட வேம்பு அகப்பட்டதில்லை. சந்தேகம் என்னவோ வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

கடைச் சோப்பில் என்ன கண்றாவி கலக்கிறார்களோ என்று, மயிலாப்பூர் ஃபிளாட்டிலேயே சோப்புக் காய்ச்ச ஆரம்பித்தாள். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும். காகித ஆலையில் மரத்தையே கூழாக்குகிற, அடைத்த சாக்கடைக் குழாயைத் திறக்கிற அந்த வெள்ளைச் செதில் தோலை விட்டுவைக்குமா? அதனிடம் மட்டும் மாமிக்குப் பயம் கலந்த மரியாதை. கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும், எவர்சில்வர்தான். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவாளே தவிர, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றமாட்டாள். கொதித்து முகத்தில் தெறிக்கும். ஈரக்காற்றுப் பட்டாலே பிசுபிசுக்கும் என்று டப்பாவை இறுக மூடிச் சமையலறை அலமாரியில் வைப்பாள்.

இவ்வளவு ஜாக்கிரதைக்காரி ஒரு காரியம் செய்தாள். வேம்பு சோப்பு விஷயத்தை மாடவீதி முழுக்கப் பரப்பிவிடுவாள் என்று டப்பாவின் லேபிளைச் சுரண்டி எறிந்தாள்.

"அது என்ன மாமி?"

"பிரஷருக்கு டாக்டர் சொன்ன உப்பு. நீ தொடாதே."

ஒரு வெள்ளிக்கிழமை சமையலறையிலிருந்து வேம்பு கூப்பிட்டாள். "மாமி, பருப்பு ஏன் இப்படிச் செவந்துடுத்து?"

மஞ்சள் போட்டு வெந்த பருப்பு ஆரத்தித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. "என்னத்தைடி கலந்தே? என்னைக் கொல்லப் பாக்கறியா?" என்று மாமி கத்தினாள்.

"நேத்திக்கு உங்களுக்குத் தலை சுத்தித்தேன்னு அந்த டாக்டர் உப்பையே போட்டேன். ஈரக்கையில ஒட்டிண்டு வழவழங்கறது. எரியறது மாமி."

மாமி அடுப்பை அணைத்தாள். வேம்புவின் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

"எலுமிச்சம்பழம் தேய்க்கட்டுமா?"

"ஒண்ணும் தேய்க்காதே. தண்ணி ஓடிண்டே இருக்கட்டும். வேம்பு, வாயில வெச்சியோ?"

வேம்புவின் முகம் சுருங்கியது. "இப்பவுமா மாமி? பெருமாளுக்கு முன்னாடி நான் வாயில வெப்பேனா?"

"வாயைத் திற."

கண்ணில் நீர் முட்ட வேம்பு வாயைத் திறந்தாள். உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் மாமி பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. இத்தனை நாளும் அவள் சொன்னது நிஜம்தான். மாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது உப்பில்லைடி, வேம்பு."

"நீங்கதானே உப்புன்னேள்?"

மாமி எழுந்து குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேம்பு கேட்டாள்: "இப்போ கையை எடுக்கலாமா, மாமி? நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்."