இரத்தினம் பிள்ளையின் விரலில் பட்ட மணல்

அந்தப் பிஸ்டல் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த அன்று, மேஸ்திரி ஞானமுத்து உலோகம் தேய்க்கும் எண்ணெய்க் கல்லை என் முன்னால் வைத்துவிட்டு, "சியரைத் தேச்சிடுடா, வேற வழியில்லை" என்றார்.

ரங்கூனில் துப்பாக்கி விற்று, பழுதும் பார்க்கும் கடை அது. முன்புறம் கவுண்டர், பின்புறம் பட்டறை. ஹைஸ்கூல் முடித்துவிட்டு, குமாஸ்தா வேலை வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டு நான் அங்கே சேர்ந்து சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. பட்டறைக்கு வர நினைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பிஸ்டல் அமெரிக்காவில் செய்த சிறிய ஆட்டோமேட்டிக். ஐரோப்பியச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஓர் அதிகாரி விற்றுப் போனது. வாங்கியவர் இரத்தினம் பிள்ளை. ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் உள்ள அரிசி மில் ஒன்றுக்காகப் படகில் ஊர் ஊராகப் போய் நெல் பிடிக்கிறவர். ஆற்றில் கொள்ளைக்காரர் பயம் என்று லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

அவருடைய புகார் ஒன்றே ஒன்று: "டிரிக்கரை இழுத்தா மணல்ல இழுக்கிற மாதிரி நறநறங்குது."

எங்கள் பெஞ்சில் அது நறநறக்கவே இல்லை. கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டு மாட்டினோம். வழுக்கிக்கொண்டு வந்தது. கொடுத்தனுப்பினோம். மறுபடி மணல் என்று வந்து நின்றார்.

சியர் என்பது, குண்டை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹாமரைப் பிடித்து நிறுத்தும் சிறிய பல். அதைத் தேய்த்தால் டிரிக்கர் இலகுவாகும். கொஞ்சம் மிஞ்சிப்போனால் பிடி நழுவும். ஓர் இடி பட்டாலே பிஸ்டல் தானாக வெடித்துவிடும். பிள்ளையோ அதை இடுப்பில் செருகிக்கொண்டு படகு ஏறுகிறவர்.

"நல்லா இருக்கிற எடத்தைத் தேய்க்கச் சொல்றீங்களே, மேஸ்திரி."

"எனக்குத் தெரியாதா? கடை மொதலாளி பெரிய துரையே கூப்பிட்டுக் கேட்டுட்டாரு. சாயங்காலம் லாஞ்சுப் படகுக்கு அந்த மனுஷன் கெளம்பணும். இழுப்பு லேசாயிட்டா மணலை மறந்துடுவாரு."

கல்லில் எண்ணெய் விட்டேன். தேய்க்குமுன் அந்தப் பல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தவுடன் கை ஓடவில்லை. அரிசி அகலம்கூட இல்லாத ஒரு முகம். அதில் ஒரு கீறல் கிடையாது, ஜன்னல் வெளிச்சம் முழுசாகத் தெரிந்தது. கடலுக்கு அப்பால் யாரோ ஒருவன் இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு பொறுமையை வைத்திருக்கிறான். இதில் மணல் ஏது? ஆனால் பிள்ளையின் விரல் பொய் சொல்லி அதற்கு என்ன லாபம்?

"அவர் எப்படி இழுக்கிறாருன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்துத் தொலை. கல்லு எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று மேஸ்திரியும் கூடவே வந்தார்.

கவுண்டரில் பிள்ளை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிஸ்டலை மாட்டி, குண்டு அறை காலி என்று காட்டிக் கொடுத்தேன். "வீட்டுல செய்ற மாதிரியே இழுங்க அண்ணாச்சி."

சுவரைப் பார்த்து இழுத்தார். புருவம் ஏறியது. "இப்ப ஒண்ணும் காணோமே."

"இதைத்தானே ஓய் தலைகீழா நின்னு சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

"பொறும்." பிள்ளை மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். கொட்டைப்பாக்குக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவிலிருந்து, குண்டு அடுக்கும் கூடான மேகஸினைக் காலியாக எடுத்து, வேட்டியில் துடைத்து, பிஸ்டலில் சொருகி இழுத்தார். "இந்தா. மணல்."

நான் வாங்கி இழுத்தேன். மணலேதான்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிஸ்டலானாலும் மேகஸினைக் கழற்றி உடையவரிடமே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போக வேண்டும். முன்பு ஒரு குண்டு பட்டறைக் கூரையைத் துளைத்ததிலிருந்து மேஸ்திரியே போட்ட சட்டம். அதனால் ஒவ்வொரு முறையும் பிஸ்டல் உள்ளே வந்தது. பழுது வாசலிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் ஓய், மேகஸினை வைக்க வேற எடமா கெடைக்கல?" என்றார் மேஸ்திரி.

"வீட்டுல இருந்தா பிஸ்டல் பெட்டியில, மேகஸின் இதுல. அதைத் திருடுறவன் என் வெத்திலைப் பொட்டியையுமா சேத்துத் திருடுவான்?"

பெஞ்சில் கழற்றிப் பார்த்தேன். டிரிக்கர் என்றால் விரல் படும் கொக்கி மட்டும் அல்ல. அதன் பின்பகுதி ஒரு வளையமாக, மேகஸினின் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போய்ச் சியரைத் தள்ளுகிறது. எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன்! நடுவில் மேகஸின் இருக்கும்போது அது எப்படி நகரும் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை. இடைவெளி ஒரு காகிதத் தடிமன். அதற்குள், மேகஸினின் பக்கங்களில் ஒட்டி, எண்ணெயில் குழைந்து இறுகிய வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்புத் தூள். கண்ணுக்கு வெறும் வெள்ளைக் கோடு. அதிலிருந்த ஒவ்வொரு துகளையும் ஒரு மனிதரின் ஆள்காட்டி விரல் எண்ணிச் சொல்லியிருக்கிறது, நாங்கள்தாம் நம்பவில்லை.

மேகஸினையும் வளையத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினேன். மேஸ்திரி தம் சட்டத்தைத் தாமே மீறி, காலி மேகஸினைச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தார். பிறகு எண்ணெய்க் கல்லைத் துடைத்து டிராயரில் போட்டார்.

பழுது பார்க்க ஒரு பொருள் வந்தால், அதோடு வந்த எதை வாசலில் நிறுத்திவிட்டோம் என்று முதலில் கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

மாலையில் பிள்ளையை வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனேன். மழையில் நனைந்த பலகையில் ஏறும்போது பிள்ளைக்குக் கால் வழுக்கியது. இடுப்பு கம்பியில் இடித்தது, நன்றாகவே இடித்தது. பிஸ்டல் செருகியிருந்த பக்கம் அது. வெடிக்கவில்லை.

பிள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, உட்கார இடம் தேடினார்.